சீர்திருத்தப் பள்ளிப் பிள்ளைகளும் நம் பொறுப்பும்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற நன்கொடையாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சீர்திருத்தப் பள்ளிகளில் இருக்கும் நம் பிள்ளைகளின் மனவலிமையை வளர்க்க நாம் என்ன செய்யலாம் என்பது பற்றிப் பேசுமாறு எனக்குப் பணித்திருக்கிறார்கள். நான் மனோதத்துவம் படித்தவன் அல்லன். தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பின்னர் சில ஆண்டுகள் சிறார் நீதிமன்றத்தில் ஆலோசகராக அமர்ந்தேன். இப்போது வாரம் ஒருமுறை ஒரு சீர்திருத்தப் பள்ளிக்குச் சென்று பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த இரண்டு இடங்களிலும் கண்டதையும், அது தொடர்பாகப் படித்ததையும் வைத்துத்தான் பேசப் போகிறேன். நன்கொடையாளர்களுக்குச் சற்றே கசப்பான ஒரு செய்தியும் இதில் உண்டு. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் மலேசியாவில் 10 வயது நிரம்பாத பிள்ளை செய்வது எதுவும் குற்றமாகக் கருதப்படுவதில்லை. 18 வயதுக்குட்பட்டவர்கள் 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். சிறார் நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் அமர்வார்கள். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வழக்கைப் பார்க்கப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை. பிள்ளையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. ஆகையால்தான் இந்த உரை மலரில் அச்சாகும்போது படம் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எச்சரித்து விடுவது, நன்னடத்தைப் பிணை, உறவினர் பொறுப்பில் ஒப்படைப்பது, நன்னடத்தை விடுதி என்று பலவகை உத்தரவுகள் உண்டு. அவை போதாதபோதுதான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். சமூக நல இலாகாவின் கீழ் துனாஸ் பக்தி பள்ளிகளும், சிறைச்சாலை இலாகாவின் கீழ் ஹென்றி கர்னி பள்ளிகளும் இருக்கின்றன. மலாக்கா தெலுக் மாஸில் இருக்கும் ஹென்றி கர்னியை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்படி அனுப்பப்படும் பிள்ளைக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். பதினைந்து வயதுப் பையனுக்கு மூன்று ஆண்டு என்பது எவ்வளவு நீளம் என்று, நம் வயதில் இருந்துகொண்டு நாம் அளந்துவிட முடியாது.

உத்தரவுக்கு முன் நன்னடத்தை அதிகாரி ஓர் அறிக்கை தருவார். அந்த அறிக்கைகளை நான் ஏராளமாகப் படித்திருக்கிறேன். சில காலத்துக்குப் பிறகு, பெயரை மறைத்துக் காட்டினால் எது யாருடையது என்று சொல்ல முடியாத அளவுக்கு அவை ஒன்றுபோல இருக்கும். தாத்தா பாட்டி தோட்டத்தில் இருந்தவர்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது குடும்பம் நகர்ப்புறத்து மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்தது. தகப்பனார் லாரியில் போனவர் திரும்பவில்லை, அல்லது திரும்பினாலும் குடித்துவிட்டுத் திரும்புகிறார். தாயார் தொழிற்சாலையில் இரவு வேலை. பிள்ளை இரண்டாம் படிவத்தில் பள்ளியை விட்டுவிட்டது. சில அறிக்கைகளில் பிறப்புப் பத்திரம் இல்லை என்றும் இருக்கும். பத்திரம் இல்லாத பிள்ளைக்கு 12 வயதில் அடையாள அட்டை கிடைக்காது; அட்டை இல்லாதவனை எந்த முதலாளியும் முறையாக வேலைக்கு வைக்க மாட்டார். ஆனால் அடுக்குமாடிக்குக் கீழே மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் 'அண்ணன்' இவனிடம் அட்டை கேட்பதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குண்டர் கும்பலை நாம் மேடைதோறும் திட்டுகிறோம்; திட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பையன்களிடம் உட்கார்ந்து பேசினால் அவர்கள் சொல்வது வேறு. பாட்டி இறந்தபோது ஈமச்சடங்குக்குப் பணம் கொடுத்தது அந்த அண்ணன்தான். மருத்துவமனைக்கு ராத்திரி வண்டி ஓட்டியது அவன்தான். "சார், போன் பண்ணா எடுப்பாங்க சார்" என்றான் ஒருவன். எந்த நேரத்தில் அழைத்தாலும் எடுக்கும் ஒரு தொலைபேசி எண் அவனுக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை.

இனி, மீண்டெழும் ஆற்றல் என்று சொல்கிறோமே, அது என்ன என்று பார்ப்போம். என் தாயார் மரம் சீவியவர். சீவிய பட்டை மறுபடி வளர்ந்துவிடும், சில ஆண்டு விட்டுவைத்தால் அதே இடத்தில் மீண்டும் சீவலாம் என்பார். ஆனால் கத்தி ஆழமாக இறங்கிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். முண்டு விழுந்த மரமும் பால் கொடுக்காமல் போவதில்லை. சீவுகிறவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மரத்துக்கு வளரும் தன்மை இயல்பாகவே இருக்கிறது. அதைச் சும்மா விட்டுவைக்கும் காலமும், அறிந்து கையாளும் கையும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். பிள்ளைகள் விஷயத்திலும் ஆராய்ச்சியாளர்கள் கண்டது ஏறக்குறைய இதுவே.

ஹவாய்த் தீவுகளில் காவாய் என்று ஒரு தீவு இருக்கிறது. கரும்புத் தோட்டத் தீவு. நம்மவர்கள் ரப்பருக்கு வந்தது போல ஜப்பானியர்களும் பிலிப்பினோக்களும் அங்கே கரும்புக்குப் போனவர்கள். 1955-இல் அத்தீவில் பிறந்த 698 குழந்தைகளையும் எம்மி வெர்னர் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, குடிகாரப் பெற்றோர், மனநோய் என்று பல கஷ்டங்கள் ஒன்றாகச் சேர்ந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக, உழைப்பவர்களாக, அன்புள்ளவர்களாக வளர்ந்திருந்தார்கள். என்ன காரணம் என்று தேடியபோது, அந்தப் பிள்ளைகளின் வாழ்வில் பாட்டியோ, அத்தையோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, பிள்ளையை விட்டு விலகாத ஒரு பெரியவராவது இருந்தார் என்பது தெரிய வந்தது. இன்னொன்றும் தெரிந்தது. அப்பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஏதேனும் ஒரு பொறுப்பு இருந்தது: தம்பியைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, பாட்டிக்கு உதவுவது. தன்னை நம்பி ஒரு வேலை இருக்கிறது என்ற எண்ணமே அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

மீதி மூன்றில் இரண்டு பங்கினர் என்ன ஆனார்கள்? இதைத்தான் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பருவ வயதில் தடுமாறி, காவல் நிலையம் வரை போனவர்களிலும் பெரும்பாலோர் நாற்பது வயதுக்குள் திருந்தி வாழத் தொடங்கிவிட்டார்கள். மேற்படிப்பு, ராணுவம், நல்ல துணை, சமயச் சமூகத்தின் அரவணைப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பாக வந்து சேர்ந்தது.

இன்னோர் ஆராய்ச்சி நம் விஷயத்துக்கு மேலும் நெருக்கமானது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பையன்களைக் குளூக் தம்பதியர் ஆராய்ந்து, அவர்களின் 32 வயது வரை விவரம் சேர்த்து வைத்தார்கள். அந்தக் கோப்புகள் ஹார்வர்ட் சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ஜான் லாப், ராபர்ட் சாம்ப்சன் என்ற இருவர் 1980-களில் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். பிறகு உயிரோடிருந்தவர்களைத் தேடிப் போய், ஏறக்குறைய எழுபது வயதில் இருந்த 52 பேரிடம் நேரில் பேசினார்கள். 2003-இல் அது நூலாக வந்தது. பள்ளியில் இருந்த காலத்தில் எந்தப் பையன் திருந்துவான், எவன் திருந்த மாட்டான் என்று குழந்தைப் பருவத்தை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் கண்ட முதல் உண்மை. நிலையான வேலையும், நல்ல மனைவியும், ராணுவ ஒழுங்கும் கிடைத்தவர்கள் பழைய பாதையை விட்டார்கள் என்பது இரண்டாவது. நாள்தோறும் போக ஓர் இடம், வரவில்லையே என்று கேட்க ஓர் ஆள். அவ்வளவு சாதாரணமான விஷயம்தான் அது.

அன்பர்களே, இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "அந்தப் பையனைப் பார்த்தாலே தெரியும் சார், இவன் தேற மாட்டான்" என்று நம் ஊர்ப் பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுபது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தவர்களாலேயே சொல்ல முடியாததை, நாம் ஒரு நிமிடம் பார்த்துச் சொல்லிவிடுகிறோம்.

இன்னும் சிலர், "சிறைச்சாலைக்கு அழைத்துப் போய்க் காட்டுங்கள், பயந்து திருந்திவிடுவான்" என்கிறார்கள். ஓர் ஆலயத் தலைவர் இதற்குப் பேருந்து எடுத்துத் தருவதாகவே சொன்னார். நல்லெண்ணம்தான். ஆனால் இது பழைய யோசனை. 1970-களில் அமெரிக்காவின் ராவே சிறைச்சாலையில் ஆயுள் கைதிகளைக் கொண்டு பையன்களை மிரட்ட வைத்தார்கள்; அது உலகெங்கும் பேசப்பட்டது. பின்னர் அத்தகைய திட்டங்கள் பற்றிய 9 சோதனைகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, மிரட்டப்பட்ட பிள்ளைகள் ஒன்றும் செய்யப்படாத பிள்ளைகளைவிட அதிகமாகவே குற்றத்தில் இறங்கியிருந்தார்கள். பயம் காட்டுவதில் நம் சமுதாயத்துக்கு ஏன் இத்தனை நம்பிக்கை என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பையன்கள் பிறந்த நாள் முதல் பயத்தைத் தவிர வேறெதைப் பார்த்தார்கள்?

இப்போது அந்தக் கசப்பான செய்திக்கு வருகிறேன்.

நான் போய்வரும் பள்ளிக்குத் தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரே நாளில் மூன்று குழுக்கள் வந்ததுண்டு. முறுக்கு, அதிரசம், புதுச்சட்டை, துண்டு, ஆளுக்கொரு வாளி. பதாகை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளின் முகம் தெரியாமலிருக்க அவர்களைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார்கள் பிள்ளைகள். தலைக்கு இருபது நிமிடம் ஒழுக்க உரையும் நடந்தது. மூன்று உரையிலும் ஒரே கதை. அதன் பிறகு மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த வாசலை மிதிக்க ஆளில்லை.

கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. புதுச்சட்டைக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. பண்டிகை நாளில் மறக்கப்படுவது பெரிய வேதனை. ஆனால் பையன்கள் எண்ணுகிறார்கள். யார் வந்தார், யார் சொன்னபடி திரும்பி வந்தார் என்று எண்ணுகிறார்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் ஒரு பையன் காலை ஒன்பது மணிக்கே தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு சன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவான். அவன் தாயார் இருக்கும் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வர வேண்டும். போக வரப் பணமும் வேண்டும், ஒருநாள் சம்பளமும் போகும். நாலு மணிக்கு மணியடித்ததும் எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வருவான். யாரும் அவனிடம் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அந்த வயதுப் பையன்களிடையே அப்படி ஒரு நாகரிகம் உண்டு என்பதை அங்கேதான் நான் கற்றேன்.

வழிகாட்டியாகப் பழகும் தொண்டர்களைப் பற்றி 2002-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. பெரியவர் ஒருவர் பிள்ளை ஒன்றுடன் தொடர்ந்து பழகும் திட்டம் அது. ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளால் பிள்ளைகளுக்கு நல்ல பலன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில், பிள்ளை தன்னைப் பற்றி வைத்திருந்த மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்துபோனது. பாதியில் விடுவதைவிடத் தொடங்காமலிருப்பது மேல் என்றாகிறது. நான் முதன்முதலில் அந்தப் பள்ளிக்குப் போன நாளில் ஒரு பையன் பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அடுத்த வாரமும் வருவீங்களா சார்?" என்று மட்டும் கேட்டான். அடுத்த வாரம் போனபோது என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. ஏழெட்டு வாரம் கழித்துத்தான் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தான்.

உள்ளே இருக்கும் காலத்திலாவது சோறும் கூரையும் ஒழுங்கும் உண்டு. வெல்டிங், தையல், மோட்டார் பழுதுபார்ப்பு என்று தொழில் கற்றுக்கொடுக்கிறார்கள். படிப்பில் ஆர்வமுள்ளவன் எஸ்.பி.எம். எழுதலாம். அந்த ஆசிரியர்கள், வார்டன்மார்கள் பலர் சம்பளத்துக்கு மீறி உழைப்பவர்கள் என்பதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன். உண்மையான சோதனை வாசலைத் தாண்டிய பிறகுதான். நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வை இருக்கிறது. ஆனால் ஓர் அதிகாரியின் மேசையில் எத்தனை கோப்புகள் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

எனக்குத் தெரிந்த இரண்டு பையன்களை மட்டும் சொல்கிறேன். இருவரும் ஒரே ஆண்டில் வெளியே வந்தவர்கள். இருவரிடமும் வெல்டிங் சான்றிதழ் இருந்தது. உள்ளே இருந்தபோது, சொல்லப்போனால், முதலாமவன்தான் கெட்டிக்காரன். அவன் வீட்டுக்குப் போனபோது அவன் படுத்த இடத்தில் மாற்றாந்தகப்பனாரின் சாமான்கள் இருந்தன. அடையாள அட்டை தொலைந்திருந்தது. புது அட்டைக்கு அலையத் தாயாருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பழைய நண்பர்கள் வந்தார்கள். சில மாதங்களில் மறுபடி பிடிபட்டான். இம்முறை வயது 18 ஆகிவிட்டது. பள்ளி இல்லை, சிறைச்சாலை.

இரண்டாமவனை ஒரு பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார். அவர் பெரிய பக்தர் என்று சொல்ல முடியாது. தைப்பூசத்துக்கு மட்டும் கோயிலுக்கு வருகிறவர். பையன் இரண்டு முறை வேலையை விட்டு ஓடினான். இரண்டு முறையும் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். மூன்றாம் முறை ஓடியபோது, "போடா, இனி வராதே" என்று சொல்லிவிட்டு, மறுநாள் தன் மனைவியை அனுப்பி அழைத்து வரச் செய்தார். நான் காரணம் கேட்டேன். "நல்லா பத்த வைக்கிறான் சார், விட மனசில்ல" என்றார். அந்தப் பையன் இன்றைக்கு முழுக்கத் திருந்திவிட்டான் என்று உங்களிடம் நான் சொல்லப் போவதில்லை. நேற்றுக் காலை எட்டு மணிக்குப் பட்டறையில் இருந்தான். அது எனக்குத் தெரியும்.

அருணகிரிநாதர் கதை உங்கள் எல்லாருக்கும் தெரிந்ததே. வாழ்வை வீணடித்து, மனம் வெறுத்துத் திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தபோது முருகப் பெருமான் தாங்கிக்கொண்டார் என்று சொல்வார்கள். தாங்கிய கரத்தை நாம் போற்றுகிறோம். எனக்கு, அதற்கு முன் அத்தனை ஆண்டும் அவருக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் தமக்கையாரின் நினைவும் கூடவே வரும். அந்த அம்மையாரைப் பற்றி யாரும் அதிகமாகப் பேசுவதில்லை.

ஆகவே நம் அறப்பணிக் குழுவினர் முன் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். தீபாவளிப் பைகளுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைத் தாய்மார்களின் பேருந்துக் கட்டணத்துக்கு மாற்றுங்கள். ஒரு தாயார் மாதம் ஒருமுறை வந்து போவதற்கு ஆகும் செலவு, நாம் கட்டும் ஒரு பதாகையின் செலவைவிடக் குறைவு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை விஷயங்களுக்குப் பதிவு இலாகாவில் பாரம் எழுதி, வரிசையில் நின்று, மறுபடி மறுபடி போய்வரக் கூடிய பொறுமைசாலி ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற குமாஸ்தாக்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். கடை, பட்டறை, அச்சகம் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு பையனை எடுத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். எடுத்துக்கொண்டால், அவன் மூன்று முறையாவது ஓடுவான் என்று தெரிந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த பையன் ஆலயத்துக்கு வந்தால், மேடையில் ஏற்றிச் 'சாட்சி' சொல்ல வைக்காதீர்கள். என்ன குற்றம் செய்தாய் என்று கேட்காதீர்கள். அன்னதானக் கூடத்தில் பாத்திரம் தூக்கவோ, விளக்குகளைத் துடைக்கவோ ஒரு வேலை கொடுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்த வேலை அவனுக்காகக் காத்திருக்கட்டும். வரவில்லையென்றால் யாராவது ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

மண்டபத்தின் பின்புறம் மேசையில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். வாரம் ஒருமுறை, ஓராண்டு முழுதும் வர இயலும் என்பவர்கள் மட்டும் அதில் பெயர் எழுதுங்கள். சமூக நல இலாகாவின் அனுமதி பெறச் சில வாரங்கள் ஆகும், நேர்காணலும் இருக்கும். ஓராண்டு முடியாது என்பவர்கள் தயவுசெய்து எழுத வேண்டாம். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பக்கத்திலேயே பேருந்துக் கட்டணத்துக்கான உண்டியல் இருக்கிறது. இந்த மாதம் ஏழு தாய்மார்களின் பெயர்கள் என் கையில் உள்ளன.